லண்டனுக்கு எத்தனை பிடி

யாராவது உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். திரையைப் பார்த்துச் சொல்வது உங்களுக்கு ஒரு நொடி வேலை என்பது தெரியும். அந்த ஒரு நொடியைத்தான் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன். இந்த டிக்கெட் தொழிலை விட்டு நான் வீட்டில் உட்கார்ந்து வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்காததைச் சொல்லித்தர வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். விளங்கியதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசி ரத வீதியில் ஒரு பயண ஏற்பாட்டு ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபீஸ் என்றால் ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு டெலிபோன். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு ரயிலும் கப்பலும், பினாங்குக்குப் போகிறவர்களுக்குக் கப்பல், சாரல் சீசனில் குற்றாலம் வருகிறவர்களுக்கு அறை, இவைதான் எங்கள் வியாபாரம். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவருக்கு ரயில் நேரமெல்லாம் மனப்பாடம். செங்கோட்டையில் எந்த வண்டி எத்தனை நிமிஷம் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆகாய விமானத்தை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட எங்கள் ஆபீசுக்கு ஒரு ஆனி மாதத்தில் சண்முகத்தாய் ஆச்சி வந்தார். ஐந்தருவி போகிற சாலையில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கிற போர்டிங் அவருடையது. புருஷன் போன பிறகு வயலையும் போர்டிங்கையும் தனி ஆளாக நின்று நடத்தியவர். ஐம்பதைத் தாண்டிய வயது, அதட்டினால் சமையல்கட்டே நின்றுவிடும். ஒரே மகன் டாக்டருக்குப் படித்து முடித்து, மேல்படிப்புக்கு லண்டன் போகிறான். டிக்கெட்டை மெட்ராசில் அவனே எடுத்துவிட்டான். அதனால் எங்களுக்கு அதில் காலணா லாபம் கிடையாது. ஆச்சிக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்.

"பம்பாயில ஏறுதான். லண்டன்ல எறங்குதான். நடுவுல எத்தனை மணி நேரம்னு மட்டும் சொல்லு."

"தூரம் எவ்வளவுன்னா ஆச்சி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"மைலை வச்சு நான் என்ன செய்ய? மணியைச் சொல்லு."

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்றைக்குப் பிடித்த குழப்பம்தான், இன்னும் விடவில்லை.

பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியாரிடம் போனேன். அவர் உலக உருண்டையை எடுத்துவைத்து, பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஒரு நூலைப் பிடித்து அளந்து, நாலாயிரத்து ஐந்நூறு மைலுக்குச் சற்றுக் குறைவு என்றார். ஜெட் விமானம் மணிக்கு ஐந்நூற்றைம்பது மைல் போகும் என்று எங்கோ படித்திருந்தார். வகுத்தோம். எட்டு மணி நேரம் வந்தது. ஆபீசுக்கு வந்து, மெட்ராசிலிருந்து எப்போதோ வரவழைத்து வைத்திருந்த விமானக் கால அட்டவணையைப் பார்த்தேன். பம்பாயில் விடிகாலை ஐந்துக்குப் புறப்பாடு, லண்டனில் மதியம் ஒன்றரைக்கு வருகை. எட்டரை மணி நேரம். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அண்ணாச்சி கெடுத்தார். "ஏலே, நமக்கு விடிஞ்சு அஞ்சரை மணி நேரம் கழிச்சுல்லா அவனுக்கு விடியும்? அந்த ஒன்றரை மணி அவன் கடியாரத்து ஒன்றரை. நம்ம கடியாரம் வேற."

"அப்போ அந்த வித்தியாசத்தைக் கூட்டணுமா, கழிக்கணுமா?"

"கழிக்கணும். அவன் நமக்குப் பின்னால இருக்கான்லா?"

கழித்தோம். மூன்று மணி நேரத்தில் விமானம் லண்டனில் நின்றது. அவ்வளவு வேகம் முடியாது என்று கூட்டிப் பார்த்தோம். பதினாலு மணி நேரத்துக்குப் போயிற்று. அதற்குள் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்து, கோடையில் வெள்ளைக்காரன் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வான் என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். எந்தப் பக்கம் தள்ளுவான் என்று கேட்பதற்குள் ஆளைக் காணோம். இரண்டு காபி டம்ளரை மேசைமேல் வைத்து, ஒன்று தென்காசி, ஒன்று லண்டன் என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். காபி ஆறியதுதான் மிச்சம். கடைசியில் அண்ணாச்சி எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "எட்டையும் பதினாலையும் கூட்டிப் பாதியைச் சொல்லிவிடு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நானும் அப்படியே பதினொன்று என்று சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் ஆச்சிக்கு முன்னால் ஆச்சியின் மகள் வள்ளி வந்துவிட்டாள். பஸ்ஸைப் பிடித்து, அம்மாவுக்குத் தெரியாமல் வந்தவள். மூச்சு வாங்கியது.

"அண்ணே, அம்மா கேட்டா அஞ்சு மணி நேரம்னு சொல்லிருங்க. அதுக்கு மேல சொல்லாதீய."

"ஏம்மா?"

"அண்ணன் பிளேன்ல இருக்கிற நேரம் பூரா பச்சத் தண்ணி பல்லுல படாதுன்னு குத்தாலநாதர்கிட்ட நேந்துக்கிட்டா. சர்க்கரை வியாதிக்காரி, அண்ணே. போன வருசம் அண்ணன் பரீட்சை எழுதினப்ப இப்படித்தான் கிடந்தா. மத்தியானம் அடுப்படியில சாஞ்சுட்டா. பேச்சு வர ராத்திரி ஆயிட்டு. வேளைக்குச் சாப்பிடலேன்னா உசிருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அதுவரை நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது ஒரு மனுஷி தண்ணீர் குடிக்காமல் இருக்கப்போகிற நேரத்தை. பதினொன்று என்றால் அவர் விழுந்துவிடுவார். ஐந்து என்றால் பொய். மகன் ஆகாயத்தில் இருக்கும்போது சாப்பிட்டுவிட்டோம் என்று பின்னால் தெரிந்தால் அந்த மனுஷி என்னை மன்னித்தாலும் தன்னை மன்னிக்க மாட்டார். விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நினைக்கவே பயமாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், எத்தனை மணி என்று கேட்பவரிடம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்கு வள்ளி கிளம்புவதற்குள் ஆச்சி வந்துவிட்டார். நான் மணியைச் சொல்லவில்லை. "ஆச்சி, நேர்ச்சையை என்ன வார்த்தை சொல்லி நேந்துக்கிட்டீய?" என்று கேட்டேன்.

ஆச்சி, மகள் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வள்ளி சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள்.

"அவன் அந்தரத்துல இருக்கிற மட்டும் எனக்கு அன்னந்தண்ணி கிடையாது. அவன் கால் தரையில படணும். அம்புட்டுதான்."

எனக்கு உயிர் வந்தது. அட்டவணையை விரித்தேன். "ஆச்சி, இது ஒரே மூச்சில போற வண்டி இல்லை. கெய்ரோன்னு ஒரு ஊர்ல இறங்கும். ஜெனீவான்னு ஒரு ஊர்ல இறங்கும். நம்ம கொல்லம் வண்டி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிக்கிற மாதிரி. கெய்ரோவுக்கு அஞ்சரை மணி நேரம். அங்க தம்பி தரையில இருப்பான். நீங்க தாராளமா சாப்பிடலாம்."

ஆச்சி உடனே ஒப்புக்கொண்டிருந்தால் அவர் போர்டிங் நடத்தியிருக்கவே மாட்டார். "வண்டி தரையில நிக்கும், சரி. அவன் எறங்கி நிப்பானா? இல்ல உள்ளயே உக்காந்திருப்பானா? சக்கரம் தரையில பட்டா கால் பட்டதாகுமா?"

அது எங்கள் யாருக்கும் தெரியாது. மெட்ராசில் இருந்த விமானக் கம்பெனி ஆபீசுக்கு டிரங்கால் போட்டேன். அந்தப் பக்கம் பேசியவர் பயணி யார், டிக்கெட் எண் என்ன என்றெல்லாம் கேட்டுவிட்டு, நான் விஷயத்தைச் சொன்னதும் யாரையோ கூப்பிட்டு விசாரித்தார். பிறகு கெய்ரோவில் எல்லாரையும் இறக்கித்தான் எண்ணெய் போடுவார்கள் என்றும், ஜெனீவாவில் இறங்குவது அவரவர் விருப்பம் என்றும் சொன்னார்.

"விருப்பம்னா அவன் எறங்க மாட்டான். சோம்பேறி" என்றார் ஆச்சி. "கெய்ரோ போதும்."

கெய்ரோ வரை ஒரு பட்டினி, அங்கே சாப்பாடு, பிறகு சாயங்காலம் வரை இன்னொரு பட்டினி. வள்ளி பெருமூச்சு விட்டாள். அண்ணாச்சி என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நானும் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு விமானம் புறப்படுகிற நாள் காலைவரை இருந்தது.

அன்று ஆபீஸைத் திறந்ததும் தந்தி வந்தது. பம்பாயிலிருந்து மகன் அடித்திருந்தான். போர்டிங்குக்குத் தந்தி போய்ச்சேர நேரமாகும் என்று எங்கள் விலாசத்துக்கு அனுப்பியிருந்தான். விமானம் இன்னும் கிளம்பவில்லை, ஒருவேளை மாலையில் கிளம்பலாம், அம்மாவிடம் சொல்லவும். அவ்வளவுதான். நேர்ச்சை விஷயம் அவனுக்குத் தெரியாது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் பஸ் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆச்சி ஐந்து மணியிலிருந்து பட்டினி. நான் போய்ச் சேருகிற நேரம் கெய்ரோ நேரம். "கெய்ரோ வந்தாச்சு, ஆச்சி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் சாப்பிடுவார், சாயங்காலத்தோடு எல்லாம் முடிந்துபோகும். உண்மையைச் சொன்னால் இப்போது தண்ணீர் குடிப்பார், ஆனால் மாலையில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ராத்திரி முழுக்கப் பட்டினி. பொய் சொன்னால் உடம்புக்கு நல்லது. எந்தத் தராசில் வைத்தாலும் அந்தப் பக்கம்தான் தாழ்ந்தது.

போர்டிங் வாசலிலேயே வள்ளி என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணாலேயே கெஞ்சினாள். உள்ளே ஆச்சி பந்தி நடுவில் நின்றுகொண்டிருந்தார். உதடு காய்ந்திருந்தது. அகப்பையிலிருந்து ஊற்றிய சாம்பாரில் பாதி இலைக்கு வெளியே போயிற்று. இலைக்கு முன்னால் இருந்த ஒருவர், "ஆச்சி, நீங்க உக்காருங்க, நாங்களே போட்டுக்கிடுதோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னலே, வந்துட்டானா கெய்ரோ?" என்றார் ஆச்சி.

வாய் வரைக்கும் பொய் வந்தது. சொல்லத் துணிச்சல் வரவில்லை. தர்மம் நியாயம் என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், பயம்தான். அந்த விமானத்துக்கு ஏதாவது நேர்ந்தால், நான் சொன்ன பொய்யோடு வாழ்நாள் முழுக்க அலைய முடியாது என்று பயந்தேன்.

"ஆச்சி, தம்பி இன்னும் பம்பாயிலதான் இருக்கான். பிளேன் கிளம்பலை."

அகப்பை சாம்பார் வாளிக்குள் விழுந்தது.

"அப்பம் காலையில இருந்து நான் யாருக்குலே பட்டினி கிடந்தேன்?"

பந்தியில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். வள்ளி ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "அண்ணன் தரையிலதானே இருக்கான், குடிம்மா." ஆச்சி செம்பை வாங்கி உதட்டருகே கொண்டுபோனவர், நிறுத்தினார்.

"தந்தி எப்பம் அடிச்சான்?"

"காலையில, ஆச்சி."

"இப்பம் ஏறியிருக்க மாட்டான்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. மாலை என்றுதான் தந்தி சொன்னது. ஆனால் ஒருவேளை என்றும் சொன்னது. முன்னாலேயே கிளம்பியிருந்தால்? ஆச்சி செம்பைத் தரையில் வைத்துவிட்டார்.

"அப்பம் இந்த நிமிசம் அவன் தரையில இருக்கானா அந்தரத்துல இருக்கானா, ஒருத்தனுக்கும் தெரியாது. போய்ச் சேந்துட்டேன்னு அவன் சொல்லுத வரைக்கும் நான் வாய் நனைக்க முடியாது."

உண்மை சொன்னதற்குக் கிடைத்த பலன் இது. எட்டும் போய், பதினாலும் போய், இப்போது பட்டினிக்கு எல்லையே இல்லாமல் ஆகிவிட்டது. வள்ளி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் தலை குனிகிறது. ஆச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வேர்த்திருந்தது. சாப்பிட்டவர்கள் எழுந்து கை கழுவாமல் நின்றார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பம்பாய்க்கு டிரங்கால் போடுங்கள் என்றார் ஒருவர். சாமியிடம் தவணை கேளுங்கள் என்றார் இன்னொருவர். எனக்குக் காதில் அருவிச் சத்தம்தான் கேட்டது.

ஆச்சிதான் பேசினார். குரல் கம்மிவிட்டது. "ஏலே, உங்க ஆபீஸ்ல எதைக் கேட்டாலும் மாறிக்கிட்டே இருக்கு. மாறாதது ஏதாவது வச்சிருக்கியளா?"

கோபத்தில் கேட்டதுதான். நான் பதறிப்போய், மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன். "மைல்தான் ஆச்சி. மணி மாறும். மைலு மாறாது."

ஆச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"ஏ குத்தாலநாதா, அவன் எப்பம் ஏறுதான், எப்பம் எறங்குதான்னு எனக்குத் தெரியல. கணக்குப் போடுத இந்தப் பயலுவளுக்கும் தெரியல. மணிக்கணக்கு எனக்கு வேண்டாம். மைலுக்கு ஒரு பிடி அரிசி. ஆடி அமாவாசைக்கு உன் வாசல்ல சோறாக்கிப் போடுதேன். எம்புள்ளையை எறக்கிவிடு."

சொல்லி முடித்துச் செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். வள்ளி ஒரு இலையைப் போட்டாள். ஆச்சி சாப்பிட்டதை அத்தனை பேரும் நின்று பார்த்தோம். மோர் சாதம் வரை வந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

சாப்பிட்ட கையோடு, "எத்தனை மைலு?" என்றார்.

அதிலும் இரண்டு கணக்கு. நூல் பிடித்த கணக்கு நாலாயிரத்து ஐந்நூறுக்குள். கெய்ரோ, ஜெனீவா என்று வளைந்து போனால் ஐயாயிரத்தைத் தொடும். இரண்டையும் சொன்னேன். கெட்டிக்காரியாயிற்றே, குறைந்ததை எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"எம்புள்ள எந்த வழியா போதானோ அந்த வழி" என்றார் ஆச்சி.

கூடத்தில் அரிசி மூட்டையை அவிழ்த்தார்கள். ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் பெரிய அண்டா, நடுவில் ஆச்சி. ஒவ்வொரு பிடியும் அவர் கையால்தான் போகவேண்டும். வள்ளி கை வைக்கப் போனால், "ஏட்டி, நேந்தது நானா நீயா?" என்று விழுந்தது. நூறு பிடிக்கு ஒரு புளியங்கொட்டையை வள்ளி தட்டில் போட்டாள். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவர்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து எண்ணினார்கள். எந்தக் கொட்டையில் கெய்ரோ வரும் என்று என்னைக் கேட்டார்கள். இருபத்தேழு என்றேன். அதற்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவர், "இப்ப கடல் மேல போகுது", "இப்ப பாலைவனம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பம்பாயில் உண்மையான விமானம் கிளம்பியதா என்றே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கூடத்து விமானம் கிளம்பிவிட்டது.

நடுவில் ஆச்சிக்கு வேலையும் இருந்தது. ராத்திரிப் பந்திக்கு எழுந்து போனார், காய்கறி வண்டிக்காரனோடு சண்டை போட்டார். கை வலித்தபோது வள்ளி தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். எழும்போதெல்லாம் தட்டை மூடிவைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். "பிளேனை நடுக்கடல்ல நிறுத்திட்டுப் போறீயளே ஆச்சி" என்று யாரோ கேலி செய்ததற்கு, "அது தானா நிக்கும், நீ போய்க் குளி" என்றார். நான் கடைசி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன்.

மறுநாள் சாயங்காலம் லண்டனிலிருந்து தந்தி வந்தது. நலமாக வந்து சேர்ந்தேன் என்று ஒரே வரி. அண்ணாச்சி அதை மூன்று முறை படித்துவிட்டு, "எத்தனை மணி நேரம் ஆயிருக்கும்லே?" என்றார். தந்தி எப்போது கொடுத்தான், அந்தக் கடிகாரமா இந்தக் கடிகாரமா என்று மறுபடி டம்ளரைத் தேடினார். நான் நிற்கவில்லை. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

போர்டிங் கூடத்தில் எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. மூட்டைகள் சுருங்கிக் கிடந்தன. இரண்டாவது அண்டா நிறையப் போகிறது. ஆச்சி சோர்ந்துதான் இருந்தார், ஆனால் வெற்றிலை போட்டு உதடு சிவந்திருந்தது.

"ஆச்சி, தந்தி வந்துட்டு. தம்பி லண்டன் போய்ச் சேந்துட்டான்."

வள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து ஈரத் துண்டை வீசி ஆடவே ஆரம்பித்துவிட்டார். ஆச்சியின் கை மட்டும் நிற்கவில்லை. மூட்டைக்குள் போய் வந்தது. அண்டாவில் அரிசி விழுந்தது. "தொண்ணூத்தொம்பது, நூறு" என்று வாய்க்குள் சொல்லி முடித்தார். வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போட்டாள். அதற்குப் பிறகுதான் ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"அதை அங்கன வை. அவன் சேந்துட்டான், சரி. நான் இன்னும் போய்ச் சேரலல்லா?"

தந்தியை மாடத்தில் வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தேன். ஜெனீவாவே இன்னும் வரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து, நானும் எண்ண ஆரம்பித்தேன்.